தோடம்பழத் தோலை அவித்த நீர் நுளம்புக் குடம்பிகளை அழிக்குமா?

உப்புவெளி வாசகி:
வணக்கம். எங்கள் பழச்சாறுக் கடையில் நாள்தோறும் ஒரு வாளி தோடம்பழத் தோலும் தேசிக்காய்த் தோலும் மிஞ்சுகின்றன. மாரிமழை தொடங்கினால் வளவிலுள்ள பாழடைந்த கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் குடம்பிகள் நெளிகின்றன. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்களில் எங்கள் உறவினர் பட்ட பாட்டை நேரில் கண்டவள் என்பதால், இதை அலட்சியமாக விட என்னால் முடியவில்லை. தோலை அவித்து, அந்த நீரைத் தொட்டியில் இரண்டு கிழமையாக ஊற்றியும் குடம்பிகள் குறையவில்லை, கூடியதாகவே தோன்றுகிறது. எங்கே பிழை விட்டேன்?

உவர்மலை ஆசிரியர்:
பிழை அவித்ததில்தான், தங்கை. தோடம்பழத் தோலின் எண்ணெயில் 90 வீதத்துக்கு மேல் இருப்பது லிமோனீன். குடம்பியைக் கொல்லக்கூடியது அதுவே. அது நீரில் கரையாது, கொதிக்கும்போது ஆவியோடு போய்விடும். எஞ்சுவது சீனியும் சக்கையும் கலந்த நீர். அதில் பெருகும் நுண்ணுயிர்கள் குடம்பிகளுக்கு உணவாகின்றன. ஊறிய தாவரக் கழிவின் மணம் முட்டையிட வரும், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பையும் ஈர்க்கும். நுளம்பை முட்டையிட ஈர்த்துக் கண்காணிக்கும் முட்டைப்பொறிகளில் வைக்கோல் ஊறிய நீரை வைப்பதே இதற்காகத்தான். எனவே குடம்பிகள் கூடியதாக நீங்கள் கண்டது வெறும் தோற்றமாக இராது.

தம்பலகாமம் விவசாயி:
தொட்டியைக் கிழமைக்கு ஒருமுறை கவிழ்க்க முடிந்தால் எந்தச் சாறும் தேவையில்லை. உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், ஏனெனில் ஈடிஸ் முட்டைகள் காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெளியேற்ற முடியாத நீருக்கு வேப்பங்கொட்டைப் பருப்பே பொருத்தமானது. நாங்கள் பயிருக்குத் தெளிக்க, லீற்றருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டுகிறோம். வெயிலில் அதன் வீரியம் சில நாட்களில் குறைந்துவிடும் என்பதால் அவ்வப்போது புதிதாகச் செய்ய வேண்டும். குடிநீர்க் கிணற்றில் இதை ஊற்றவே கூடாது. அங்கே குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன் விடுவதே நல்லது.

உப்புவெளி வாசகி:
மிக்க நன்றி, ஐயா. பாழ்கிணற்றில் ஊற்றுவதற்கு முன் சிறிய அளவில் சோதிக்க வழி உண்டா?

உவர்மலை ஆசிரியர்:
இரண்டு போத்தல்களில் அதே கிணற்று நீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் 25 குடம்பிகளை விட்டு, ஒன்றில் மட்டும் வேப்பங்கொட்டைச் சாற்றைக் கலந்து, இரண்டையும் மெல்லிய துணியால் இறுகக் கட்டுங்கள். சாறு கலக்காத போத்தல் இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்குப் பெறுமதி இல்லை. ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் 24 மணி நேரத்தில் எண்ணுவார்கள். வேம்பை அப்படி எண்ணினால் ஏமாந்துவிடுவீர்கள். அதிலுள்ள அசாடிராக்டின் உடனே கொல்வதில்லை, குடம்பி தோலுரித்து வளர்வதையே குழப்புகிறது. ஆகவே பத்து நாட்களேனும் பொறுத்து, ஒவ்வொரு போத்தலிலும் எத்தனை நுளம்புகள் வெளிவந்தன என்று கணக்கிட்டு, துணியை அவிழ்க்குமுன் அவற்றைக் கொன்றுவிடுங்கள்.

இன்னொன்று: கஜுக் கோதின் பாலும் குடம்பிகளைக் கொல்லும் என்று கேள்விப்பட்டு அதில் கைவைக்க வேண்டாம். அதிலுள்ள அனகார்டிக் அமிலம் குடம்பியைக் கொல்வது உண்மையே, ஆனால் உங்கள் தோலையும் புண்ணாக்கிவிடும்.