ஆறாவது கியரில் 800 கி.மீ. ஓட்டிவிட்டால் கிளட்ச் செட் ஆகிவிடுமா?

நெம்புகோல்

நம் கார் மன்றத்தில், சூப்பர்சார்ஜர் (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி; அந்த அழுத்தம்தான் பூஸ்ட்) பற்றிய இழையில் நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்: "புது பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் போட்டதும் நெடுஞ்சாலையில் ஏறி ஒரே மூச்சில் 800 கி.மீ. ஓட்டிவிடுங்கள். செட் ஆகிவிடும். மறுநாளே முழு பூஸ்ட் கொடுக்கலாம்." அதற்குக் கீழே வரிசையாக நன்றி வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாவது கியரில் போகும்போது கிளட்ச் டிஸ்க்கும், இஞ்சினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீலும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. இடையில் உரசலே கிடையாது. செட் ஆவது என்றால் இரண்டு பரப்பும் உரசி உரசி ஒன்றோடொன்று பதிவது. உரசாத பரப்பு எப்படிப் பதியும்? தயாரிப்பாளர்கள் தரும் தாளில் பெரும்பாலும் 500 மைல் என்று இருக்கும், உண்மை. அதே வரியில் "நகர ஓட்டம்" என்றும் இருக்கும். அந்த இரண்டு சொற்களை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி? கணக்கு கிலோமீட்டரில் இல்லை. பெடலை எத்தனை முறை மிதித்து விட்டோம் என்பதில் இருக்கிறது.

இரட்டைத்திருகு

அந்த "ஒருவர்" நான்தான். பேரைச் சொல்ல என்ன தயக்கம்?

500 மைல்னா 805 கி.மீ. ரோடு எந்த ரோடா இருந்தா என்ன, கிலோமீட்டர் கிலோமீட்டர்தான். ரெண்டு திருகு ரோட்டர் சுத்துற ட்வின் ஸ்க்ரூ வகை சூப்பர்சார்ஜர் 2,500 ஆர்.பி.எம்.லயே (இஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற கணக்கு) பூஸ்ட்டைக் கொட்டும். அந்த டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, வெச்சுக்கிட்டு நெரிசல்ல அரை கிளட்ச்சுல ஊர்ந்தா டிஸ்க் வெந்துடும். நெடுஞ்சாலையில சூடு ஏறாது, டிஸ்க் பிழைக்கும்.

டார்க் தாங்குறது பிடிப்பு விசையில இருக்கு. டிஸ்க் 240 மி.மீ. வெளி விட்டம், 155 மி.மீ. உள் விட்டம், சராசரி ஆரம் 98.75 மி.மீ. டிஸ்க்கை ஃப்ளைவீலோட சேர்த்துப் பிடிக்கிற பிரஷர் பிளேட் 10,000 நியூட்டன் அமுக்குது. ரெண்டு பக்கம், உராய்வுக் கெழு 0.3. பெருக்கிப் பாருங்க, 592 நியூட்டன் மீட்டர். இதுல பெடல் மிதிச்ச கணக்கு எங்கே வருது பெரியவரே?

நெம்புகோல்

0.3-இல் வருகிறது. நீங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்.

அந்த 0.3 பதிந்த பரப்புக்கு உரியது. லேத்தில் கடைந்து வந்த புது ஃப்ளைவீலில் நகத்தை ஓட்டினால் மெல்லிய வட்டக் கோடுகள் தட்டும். புது டிஸ்க்கின் முகமும் முழுச் சமதளம் இல்லை. முதல் நாளில் இரண்டும் தொடுவது ஒரு பகுதியில் மட்டும்தான். பதியாத டிஸ்க்கைக் கழற்றினால் வெளி விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு பளபளப்பான வளையம் இருக்கும், அதற்கு உள்ளே தொழிற்சாலையில் அறுத்த தடம் அப்படியே இருக்கும். பதிந்ததில் விளிம்பிலிருந்து விளிம்புவரை பளபளப்பில்லாத ஒரே சாம்பல் நிறம்.

பாதிப் பரப்பு மட்டும் தொடும்போது அந்த இடம் அளவுக்கு மீறிச் சுடும், உராய்வு விழும். 0.3 என்பது 0.22-க்கு இறங்கினால் உங்கள் 592 சரிந்து 434 ஆகிறது. 550 நியூட்டன் மீட்டர் தரும் இஞ்சினுக்கு 3,000 ஆர்.பி.எம்.மில், அதுவும் உயர்ந்த கியரில், முழு த்ராட்டில் கொடுத்தால், அதாவது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், மிச்சம் 116 எங்கே போகும்? வழுக்கலாகவும் சூடாகவும் போகும். நார்களைப் பிசினால் இறுக்கிச் செய்த ஆர்கானிக் டிஸ்க்கின் பிசின் கசிந்து மேலே வந்து கண்ணாடி போல இறுகும். ஆர்.பி.எம். முள் துள்ளும், கார் வேகம் எடுக்காது, கருகிய வாடை வரும். அந்த நிலைக்குப் போன டிஸ்க் பெரும்பாலும் திரும்பாது.

சம்மட்டி

போன மாசம் இஞ்சின் ஆயில் இழையிலயும் இதே மாதிரிதான் நெம்புகோல் பக்கம் பக்கமா கணக்கு போட்டார். கடைசில யாரும் ஒத்துக்கல. 800 கி.மீ. ஓட்டினா ஓட்டினதுதான். இரட்டைத்திருகு சொல்றதுல என்ன தப்பு?

நெம்புகோல்

ஆயில் இழையில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

நகரத்தில் கிலோமீட்டருக்கு மூன்று முறை கிளட்ச் மிதித்து விடுகிறோம் என்றே வையுங்கள், குறைத்துத்தான் சொல்கிறேன். 800 கி.மீ.க்கு 2,400 முறை. நெடுஞ்சாலையில் 800 கி.மீ.க்கு? நிறுத்தம், எரிபொருள் எல்லாம் சேர்த்து ஐம்பதைத் தாண்டினால் அதிசயம். 2,400 எங்கே, 50 எங்கே!

அச்சாணி

ஐயா, இரண்டு பேரும் ஓட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பொருத்தியது சரியில்லை என்றால் நகரத்தில் ஓட்டினாலும் நெடுஞ்சாலையில் ஓட்டினாலும் ஒன்றுதான்.

புது ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் இரண்டிலும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பிரேக் கிளீனர் தெளித்து, துணியில் கறை வராதவரை துடைக்க வேண்டும். இஞ்சினின் பின்பக்க எண்ணெய்த் தடுப்பான பின் மெயின் சீல் கசிகிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும், ஒரு சொட்டு போதும் டிஸ்க்கைக் கெடுக்க. கியர்பெட்டி ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்கையும் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் கையோடு மாற்றிவிடுங்கள். டிஸ்க்கில் "ஃப்ளைவீல் பக்கம்" என்று அச்சடித்திருப்பார்கள், திருப்பி மாட்டினால் கிளட்ச் விடாது, எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். டிஸ்க்கை மையக் கருவியால் நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாக ஏற்ற வேண்டும். ஒரு பக்கமாக இறுக்கினால் பிரஷர் பிளேட்டின் கவர் கோணிக்கொள்ளும், பிறகு ஆயுள் முழுக்க அதிர்வுதான். கடைசிச் சுற்று டார்க் ரென்ச்சில், அந்த வண்டிக்குரிய அளவில். ஃப்ளைவீல் போல்ட் ஒருமுறை இழுபட்டு நீளும் வகை என்றால் பழையதைத் திரும்பப் போடவே கூடாது.

கியர்பெட்டியை ஏற்றும்போது அதன் முன் தண்டான இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிட்டுவிட்டு போல்ட் தேடிப் போகாதீர்கள். அந்த எடையில் டிஸ்க்கின் நடுக்கண் (ஷாஃப்ட் நுழையும் இடம்) வளையும். கிளட்ச்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கை மையத்தில் நிறுத்தும் டவல் பின் இரண்டும் இடத்தில் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். மைய விலகல் 0.13 மி.மீ.க்குள் இருப்பது நல்லது.

பழைய ஃப்ளைவீலை எமரித் தாளால் தேய்த்து பளபளப்பை எடுத்தாலே போதும், கடையக் கொடுக்க வேண்டியதில்லை.

நெம்புகோல்

கடைசி வரி வரை எல்லாம் சரி. கடைசி வரி தவறு. நீல நிறப் புள்ளிகள் வந்த ஃப்ளைவீலில் அந்த இடம் சூட்டில் இறுகிக் கடினமாகிவிட்டது. எமரி மென்மையான இடத்தைத் தின்னும், கடினமான இடத்தைத் தொடாது. மேடு இன்னும் மேடாகும். கடையத்தான் வேண்டும். படி வைத்த ஃப்ளைவீல் (இரண்டு முகமும் வேறு வேறு மட்டத்தில் இருப்பது) என்றால் உராயும் முகத்தில் 0.5 மி.மீ. எடுத்தால் கவர் உட்காரும் முகத்திலும் அதே 0.5 மி.மீ. எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு விசை மாறிவிடும்.

அச்சாணி

நீலப் புள்ளி வந்ததைப் பற்றி நான் பேசவே இல்லை. நல்ல நிலையில் உள்ள ஃப்ளைவீலைச் சொன்னேன். இரண்டு பகுதிகளை வில்லால் இணைத்த டூயல் மாஸ் ஃப்ளைவீலையும் கடைய அனுப்பச் சொல்வீர்களா? பல தயாரிப்பாளர்கள் அதைக் கடையவே கூடாது என்கிறார்கள். வில் தளர்ந்திருந்தால் மாற்றுவது ஒன்றே வழி.

நெம்புகோல்

"எமரி போதும்" என்று பொதுவாக எழுதியது நீங்கள். இப்போது நிபந்தனை சேர்க்கிறீர்கள்.

புதுவரவு

மன்னிக்கவும், நீங்கள் எல்லோரும் ஆர்கானிக் டிஸ்க்கைச் சொல்கிறீர்களா, செராமிக் பட்டன் (தனித்தனித் துண்டுகள்) வைத்ததையா, பொடியை அழுத்திச் சுட்ட சின்டர்டு இரும்பு இரட்டை டிஸ்க்கையா? மூன்றுக்கும் ஒரே கணக்கா?

இரட்டைத்திருகு

சூட்டைப் பத்தி பேசுறவர் நகர நெரிசலைப் பத்தி வாயைத் திறக்கலையே. அரை கிளட்ச்சுல ஊர்றது உரசல்தானே? அது பதிய வைக்குமா, எரிக்குமா? 800 கி.மீ. சீரா ஓடினா டிஸ்க்கும் பிளேட்டும் அமுங்கி உக்காரும். கிலோமீட்டர் கிலோமீட்டர்தான்.

நெம்புகோல்

நகர ஓட்டம் என்றால் ஊர்ந்து சாவது என்று யார் சொன்னது? ஏற்றத்தில் கிளட்ச்சிலேயே காரை நிறுத்தி வைப்பதும் நெரிசலில் பாதி மிதித்தபடி நகர்வதும் புது டிஸ்க்குக்கு நஞ்சு. நின்று கிளம்பி, கியர் மாற்றி, இடையில் ஆறவிட்டு ஓட்டுவதுதான் நகர ஓட்டம்.

சூடு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஆர்.பி.எம்.மை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டால், கிளட்ச் தின்னும் சூடு ஏறக்குறைய கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமம். 1,600 கிலோ கார், முதல் கியரில் 1,500 ஆர்.பி.எம். என்றால் மணிக்கு 11 கி.மீ. என்று கொள்ளுங்கள். சுமார் 7.5 கிலோஜூல். அதையே 4,500-இல் விட்டால் மணிக்கு 33 கி.மீ., சுமார் 67 கிலோஜூல். ஆர்.பி.எம். மூன்று மடங்கு, சூடு ஒன்பது மடங்கு. அதனால்தான் 1,200 முதல் 1,500-க்குள் கிளப்புங்கள், த்ராட்டில் பாதியைத் தாண்டாதீர்கள் என்கிறோம். 7.5 கிலோஜூலாக 2,400 முறை உரசினால் பதியும். 67 கிலோஜூலாக நாலு முறை அடுத்தடுத்து உரசினால் எரியும். உங்கள் நெடுஞ்சாலையில் இரண்டும் இல்லை.

அமுங்கி உட்காருவதற்கு அது மெத்தை இல்லை. சும்மா அமுக்கி வைத்தால் பதியும் என்றால் தொழிற்சாலையிலேயே அமுக்கி அனுப்பிவிடலாமே!

சம்மட்டி

அவ்வளவு பயம்னா சூப்பர்சார்ஜர் பெல்ட்டைக் கழட்டிட்டு 800 கி.மீ. ஓட்டிடலாம். பூஸ்ட்டே வராது. பிரச்சினை முடிஞ்சது.

இரட்டைத்திருகு

சம்மட்டி, நீங்க என் பக்கம்தான், ஆனா இதை ஒத்துக்க முடியாது. ஸ்க்ரூ வகையில காத்து அந்த ரோட்டர் வழியாத்தான் போகணும். பெல்ட்டைக் கழட்டினா ரோட்டர் வழியை அடைச்சுக்கிட்டு நிக்கும், ரோட்டரைச் சுத்திப் போற பைபாஸ் வழியா மட்டும் இஞ்சின் திணறித் திணறி மூச்சு விடும். பல வண்டியில தண்ணி பம்ப்பும் ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டுலதான் ஓடுது. கழட்டிட்டு எங்கே ஓட்டுறது?

சம்மட்டி

விசிறி மாதிரி சுத்துற சென்ட்ரிஃபியூகல் வகையைச் சொன்னேன்.

இரட்டைத்திருகு

எழுதினதுல அது எங்கேயும் இல்ல.

நெம்புகோல்

பெல்ட்டைத் தொடவே வேண்டாம். ரூட்ஸ் (அதுவும் இரட்டை ரோட்டர்தான்), ட்வின் ஸ்க்ரூ வகைகளில் த்ராட்டில் லேசாக இருக்கும்போது, இஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும், பைபாஸ் வால்வு திறந்தே இருக்கும், பூஸ்ட் ஏறாது. பூஸ்ட் மீட்டர் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கீழே வைத்து ஓட்டுங்கள். முள் பூஜ்யத்தைத் தாண்டினால் பாதத்தைத் தளர்த்துங்கள். சென்ட்ரிஃபியூகலில் பூஸ்ட் ஆர்.பி.எம்.மோடு ஏறும், 3,000-க்குக் கீழேயே கியர் மாற்றிக்கொண்டே போனால் போதும். 800 நகரக் கிலோமீட்டர் முடிந்த பிறகும் நேரே முழு த்ராட்டில் வேண்டாம். கால், அரை, முக்கால் என்று ஏற்றி, மூன்றாவது கியரில் வழுக்கல் இருக்கிறதா பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அச்சாணி

ஷாஃப்ட்டின் நீளப் பற்களான ஸ்ப்லைனுக்குப் போடும் கிரீஸை யாருமே சொல்லவில்லை. சுண்டுவிரல் நகத்தளவு உயர்வெப்ப கிரீஸ் போதும். டிஸ்க்கை இன்புட் ஷாஃப்ட்டில் ஏற்றி இறக்கி, விளிம்பில் பிதுங்கியதை முழுக்கத் துடைத்த பிறகே பொருத்த வேண்டும். மிஞ்சிய கிரீஸ் சுழற்சியில் சிதறி டிஸ்க்கில் படும், கிளம்பும்போது கார் நடுங்கும். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் செட் ஆகவில்லை" என்று ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

சம்மட்டி

நிக்கல் பூசின நடுக்கண்ணுக்கு கிரீஸே கூடாது. அதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

அச்சாணி

தயாரிப்பாளர் தாளில் கூடாது என்றிருந்தால் கூடாது. அது பொருத்துகிற எவருக்கும் தெரியும். பெல்ட்டைக் கழற்றச் சொன்னவர் எனக்கு கிரீஸ் சொல்லித்தர வேண்டாம்.

இரட்டைத்திருகு

பேச்சு எங்கெங்கோ போகுது. தாள்ல 500 மைல்னு இருக்கா, இல்லையா? ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.

நெம்புகோல்

இருக்கிறது. "நகர ஓட்டம், நெடுஞ்சாலை சேராது" என்ற பொருளில் அதற்குப் பக்கத்தில் வருவதையும் படித்தீர்களா, இல்லையா? நீங்கள் முதலில் ஆமா இல்லை சொல்லுங்கள்.

இரட்டைத்திருகு

நான் பார்த்த தாள்ல 500 மைல். அவ்வளவுதான். எல்லாத் தாள்லயும் அந்த ரெண்டாவது வரி இருக்காது.

நெம்புகோல்

இல்லாத தாளிலும் டிஸ்க் உரசினால்தான் பதியும்.

புதுவரவு

என்னுடையது ஆறு பட்டன் செராமிக், ஃப்ளைவீல் புதிது. திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங். பெடல் மிகக் கீழே போனால்தான் விடுகிறது. இதற்கும் 800 கி.மீ.க்கும் சம்பந்தம் உண்டா?

அச்சாணி

சம்பந்தம் இல்லை. முதலில் லைனில் காற்று இருக்கிறதா பாருங்கள். புது பிரேக் திரவம் ஊற்றி, குமிழி நிற்கும்வரை பிளீட் செய்யுங்கள், அதாவது காற்றை வெளியேற்றுங்கள். அதன் பிறகும் அப்படியே இருந்தால் பேரிங்குக்கும் பிரஷர் பிளேட்டின் டயஃப்ரம் வில் விரல்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பல ஹைட்ராலிக் பேரிங்குகளில் 3 முதல் 5 மி.மீ. கேட்பார்கள், உங்களுடையதன் தாளில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிகமாக இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும், அதற்குக் கியர்பெட்டியை இறக்கியாக வேண்டும். இடைவெளியே இல்லாமல் பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்கும், அது வேறு கோளாறு.

இரட்டைத்திருகு

செராமிக்னா நெடுஞ்சாலை 800 தாராளமா போதும்.

நெம்புகோல்

விடாத கிளட்ச்சை எந்த ரோட்டிலும் ஓட்டச் சொல்லாதீர்கள். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும், கியர்களின் வேகத்தை இணைக்கும் சின்க்ரோ தேயும். முதலில் பிளீட் செய்யட்டும். செராமிக் ஆனாலும் எண்ண வேண்டியது பெடலைத்தான்.