வளவு வீட்டுக்குள் குழந்தைகள் தெரபி மையம், ஊஞ்சலை எங்கே மாட்டுவது?

பூக்கல் மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். இன்டீரியர் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். இறுதிப் புராஜெக்ட்டுக்குக் குழந்தைகள் தெரபி மையம் எடுத்திருக்கிறேன். ஆட்டிசம், பேச்சுத் தாமதம், செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவு சரியாக வராதது) என்று வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபி, பிசியோ எல்லாம் ஒரே இடத்தில். வகுப்பில் மற்றவர்கள் காலி மனை எடுத்தார்கள். நான் மட்டும் வீம்புக்குக் காரைக்குடி பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை எடுத்தேன். சொந்தக்காரர்கள் அளக்க அனுமதித்தார்கள், இரண்டு நாள் டேப்பைப் பிடித்துக்கொண்டு வௌவால்களோடு அலைந்து வரைபடம் முடித்தாயிற்று.

வீடு வழக்கமான அமைப்புதான். மூன்றடி உயரத்தில் திண்ணை, முகப்பு, அப்புறம் நடுவில் வானம் பார்த்த வாசலோடு வளவு, அதன் இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், பின்னால் வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாங்கட்டு, அடுப்படி, அதையும் தாண்டினால் பின் தெரு. தரை முழுக்க ஆத்தங்குடிப் பூக்கல். சுவரில் முட்டை வெள்ளைக்கருப் பூச்சு இன்னும் முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பாக இருக்கிறது.

நான் போட்ட திட்டம்: வளவில் சென்சரி ஜிம், அதாவது ஊஞ்சல், மெத்தை எல்லாம் வைத்துப் பிள்ளைகளின் புலன்களைப் பழக்குகிற இடம். முகப்பில் ஏற்கெனவே இருக்கிற ஊஞ்சல் கொக்கிகளிலேயே தெரபி ஊஞ்சல்கள். இருட்டாக இருக்கிற பக்கத்து அறைகளைச் சாமான் அறை ஆக்கிவிடலாம். சுவர்களில் பளிச்சென்று விலங்குகள், வண்ணத்துப்பூச்சி, ரயில் வண்டி. இதைப் பார்த்துவிட்டு என் கைடு, "ஊறுகாய் ஜாடியில் ஐஸ்கிரீம் வைத்த மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எது தப்பு என்று சொல்லவில்லை. இந்தத் துறையில் இருக்கிறவர்கள், பழைய வீடு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். புராஜெக்ட்டை மதிப்பிடுகிற ஜூரிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது.

மானகிரி தெரபிஸ்ட்:

ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். உன் கைடு சொன்னது உண்மைதான், ஆனால் ஜாடி நல்ல ஜாடிம்மா. நீ எதைக் குறை என்று நினைத்தாயோ அதுதான் அந்த வீட்டில் சொத்து.

இருட்டு அறைகளைச் சாமான் அறை ஆக்கப் போகிறேன் என்கிறாயே, அதை முதலில் அழி. கெட்டிச் சுவர், ஜன்னல் இல்லை, ஒரே கதவு. ஒரு பிள்ளைக்குச் சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் போகும்போது ஒதுங்குவதற்கு ஒரு இடம் வேண்டும், காசு கொடுத்துக் கட்டினாலும் இப்படி ஒரு அறை கிடைக்காது. கெய்ரோவில் இருக்கிற மக்தா முஸ்தஃபா என்ற கட்டடக் கலைஞர் ஆட்டிசத்துக்கான கட்டட வடிவமைப்புக்கு ஏழு கோட்பாடுகள் வகுத்திருக்கிறார், அதில் ஒலி முதலில் வரும், இப்படி ஒதுங்குமிடமும் ஒன்று. இன்னொன்று, ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஒழுங்கான வரிசையில் பிள்ளை போக வேண்டும் என்பது. திண்ணை, முகப்பு, வளவு, உள் அறை என்று வெளியாள் நிற்கிற இடம், உறவுக்காரர் உட்காருகிற இடம், வீட்டாள் மட்டும் போகிற இடம் என்று அந்தக் காலத்தில் பிரித்து வைத்திருக்கிறார்களே, அதே வரிசைதான். நீ புதிதாக எதுவும் யோசிக்க வேண்டாம், அதைக் கலைக்காமல் இருந்தால் போதும். பக்கத்து அறைகளில் இரண்டை ஸ்பீச் தெரபிக்கு எடு, ஒன்றை ஒதுங்கும் அறையாக வை. காற்று வர வழி செய்ய வேண்டும், கதவில் வெளியிலிருந்து பார்க்க ஒரு கண்ணாடித் துண்டு வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் கூடவே கூடாது.

வளவில் ஜிம் வேண்டாம். கல் தூண், வழவழச் சுவர், பூக்கல் எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு பிள்ளை கத்தினால் நாலு பிள்ளை கத்துகிற மாதிரி கேட்கும். வகுப்பறைகளுக்கு அமெரிக்கத் தரம் ஒன்று உண்டு, ஆள் இல்லாத அறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்குள், எதிரொலி அடங்குகிற நேரம் 0.6 விநாடிக்குள் என்று. நமக்கு அது சட்டமில்லை, ஆனால் ஸ்பீச் தெரபி அறைக்கு அதைக் குறியாக வைத்துக்கொண்டு வரைந்தால் ஜூரியில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கண்டாங்கிச் சேலையைத் திரையாக மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதே, மெல்லிய துணி கீச்சுச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் பிடிக்கும். துணிக்குப் பின்னால் இரண்டு அங்குலமாவது ராக்வூல் (சத்தத்தை உறிஞ்சுகிற, பஞ்சு மாதிரியான பலகை) வேண்டும்.

ஊஞ்சலுக்கு வருகிறேன். சென்சரி இன்டகிரேஷன் என்று நாங்கள் செய்வது, அதாவது புலன்கள் சேர்ந்து வேலை செய்யப் பழக்குவது, ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உருவாக்கியது. முன்னும் பின்னும் மெதுவாக ஆடினால் பெரும்பாலான பிள்ளைகள் அடங்குவார்கள், சுற்றினால் உசுப்பும். உட்காதில் இருக்கிற சமநிலை உறுப்புதான் காரணம். அதனால் ஒரே கொக்கி போதாது. குறைந்தது மூன்று தொங்கு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டரை மூன்றடி, அதில் ஒன்றாவது முழு வட்டம் சுழல வேண்டும். கீழே கனமான மெத்தை. இரண்டாங்கட்டில் பந்தி போட்ட நீள இடம் இருக்குமே, அங்கே கொண்டுபோ. பழைய கொக்கியைப் பற்றிக் கட்டட ஆள் யாராவது சொல்லட்டும், எனக்கு அதில் பயம்.

கார்ட்டூன் பற்றி ஒரே வரி: பிள்ளை என் முகத்தைப் பார்க்க வேண்டிய அறையில் ரயில் வண்டி வரைந்தால் அவன் நாற்பது நிமிஷமும் ரயிலைத்தான் பார்ப்பான்.

கோட்டையூர் அம்மா:

என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். தெரபிக்கு நான்கு இடங்களுக்குக் கூட்டிப்போய் அலைந்திருக்கிறேன், அதனால் டிசைன் தெரியாவிட்டாலும் சொல்கிறேன்.

உன் வரைபடத்தைப் படிக்கும்போதே எனக்கு நெஞ்சு திக்கென்றது. நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் முன் வாசலில் நின்றால் பின் வாசல் தெரியும், எல்லா நிலையும் ஒரே கோட்டில். பார்க்க அழகுதான். என் பையன் கையை உதறிவிட்டு ஓடுகிறவன். அவனுக்கு அது ஓடுதளம். போன வருடம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் முகப்பில் கையை விட்டான், நான் செருப்பைத் தேடிப் போடுவதற்குள் பின் தெருவில் நின்றான். அதனால் அந்த நேர்கோட்டை எங்கேயாவது உடைத்துவிடு, மறைக்காமல் தடுக்கிற மாதிரி. இடுப்புயரக் கதவு போதாது, ஏறிவிடுவார்கள். தாழ்ப்பாள் பெரியவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். வளவு வாசலும் தாழ்வாக இறங்குமே, மழைத்தண்ணீர் வந்து சேர்வதற்காக. ஓடுகிற பிள்ளைக்கு அந்த ஒரு படி கண்ணில் படாது.

பூக்கல் பற்றி. அவன் கறுப்புக் கல்லை மிதிக்க மாட்டான். ஏன் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியவில்லை, பள்ளம் மாதிரி தெரிகிறதோ என்னவோ. கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் போட்ட கூடத்தில் ஓரமாக நின்று அழுவான். வேறு சில பிள்ளைகள் பூவை எண்ணிக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். நடக்கிற இடத்தில் ஒரே நிறம் இருந்தால் எங்களுக்கு நிம்மதி.

அப்புறம், விளக்கையும் ஃபேனையும் மேலும் கீழுமாக வைக்காதீர்கள். விளக்கு மேலே, ஃபேன் கீழே சுற்றினால் தரை முழுக்க நிழல் வெட்டி வெட்டி ஓடும். நாங்கள் போன ஒரு இடத்தில் மூன்று மாதம் அவன் அந்த நிழலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான், ஃபீஸ் நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம்.

கழிப்பறையைக் கொல்லையில் போடாதே, ஜிம்முக்குப் பக்கத்தில் போடு. கூட வருகிறவர்களையும் நினை. பெரும்பாலும் அப்பத்தா, ஆயா என்று பாட்டிமார்தான் பஸ்ஸில் கூட்டிவருவார்கள், இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். திண்ணையில் சாய்ந்துகொள்ள ஒரு தூண் இருந்தால் அவர்களுக்கு வேறு சோபா எதுவும் வேண்டாம்.

சுண்ணாம்பு மேஸ்திரி:

பழைய வீடு பழுதுபார்க்கிற தொழில், அப்பா காலத்திலிருந்து. தங்கச்சி, அந்தக் கொக்கியில் எதையும் மாட்டாதே. ஆச்சி வெற்றிலை போட்டுக்கொண்டு மெதுவாக ஆடின ஊஞ்சலுக்கு அடித்த கொக்கி அது. பிள்ளை குதித்துச் சுழன்று ஆடும்போது வருகிற இழுப்பு வேறு. பர்மா தேக்கு உத்தரம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சுவருக்குள் புதைந்திருக்கிற முனை எப்படி இருக்கிறது என்று வெளியில் நின்று யாராலும் சொல்ல முடியாது, ஈரம் ஏறியிருக்கலாம், கரையான் இருக்கலாம். இரண்டாங்கட்டுக்குள் தனியாக ஒரு இரும்புச் சட்டம் நிறுத்து, நாலு கால், மேலே குறுக்கே கம்பி, எல்லா எடையும் தரைக்குப் போகட்டும், வீட்டைத் தொடவே வேண்டாம். கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கொடுத்துப் போட்டுக்கொள். நாளைக்குப் பிரித்து எடுத்தாலும் வீடு வீடாக இருக்கும்.

சுவரிலும் அதேதான். அந்தப் பூச்சில் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் இருக்கிறது. டிரில் போட்டால் ஓட்டையைச் சுற்றி ஓடு மாதிரி பெயரும், சிமென்ட் வைத்து அடைத்தால் ஒட்டாது. மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவர் மூச்சு விட முடியாமல் உப்புப் பூத்துக் கொட்டும். தெரபிஸ்ட் அம்மா சொன்ன ராக்வூலை மரச் சட்டத்தில் வைத்துத் தரையில் நிற்க வை, சாயாமல் மேலே இரண்டு சட்டத்தை ஒன்றோடொன்று பிணைத்துவிடு.

பூக்கல்லுக்கு வழி இருக்கிறது. இது சூளையில் சுடுகிற சாமான் இல்லை, கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமென்ட் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடி கொடுக்கிற பளபளப்புதான் அது. கையால் செய்வதால் நீ கேட்கிற நிறத்தில், நீ கேட்கிற பூவில் கொஞ்சமாகவும் போட்டுக் கொடுப்பார்கள். பழைய தரையைப் பெயர்க்காதே. உடைந்த இடங்களிலும் இரண்டாங்கட்டிலும் மட்டும் ஒரே நிறச் சிவப்புக் கல் போடு. பூவை ஓரத்துக் கரைக்கும் ஒவ்வொரு அறை வாசலுக்கும் வை, ஸ்பீச் அறைக்கு ஒரு பூ, ஜிம்முக்கு ஒரு பூ. எழுத்துத் தெரியாத பிள்ளை பூவைப் பார்த்து அறை கண்டுபிடிக்கும். கழிப்பறைக்குள் மட்டும் பூக்கல் வேண்டாம், தண்ணீர் பட்டால் வழுக்கும். மினுங்குவதற்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கமும் இந்த வீட்டில் கூடாது.

ஒன்று கேட்க மறந்துவிட்டாய், சக்கர நாற்காலி. அரசு அணுகல் வழிகாட்டியில் சாய்தளம் 1க்கு 12, அதாவது ஓரடி ஏறப் பன்னிரண்டடி, அதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. மூன்றடித் திண்ணைக்கு முப்பத்தாறடியாவது ஓட வேண்டும், நடுவில் நிற்க ஒரு சமதளமும் வேண்டும், தெருவில் அதற்கு இடம் கிடையாது. பின் தெருப் பக்கம் மட்டத்தை அளந்து பார், பல வீடுகளில் அங்கே உயரம் குறைவு.

கோட்டையூர் அம்மா:

மேஸ்திரி அண்ணே, சொன்னதெல்லாம் சரி, ஆனால் நடக்க முடியாத பிள்ளை மட்டும் பின் வாசல் வழியாகவா? அந்தப் பிள்ளையின் அம்மா தினமும் அதை நினைத்துக்கொண்டேதான் உள்ளே வருவாள்.

சுண்ணாம்பு மேஸ்திரி:

நீங்கள் சொல்வது நியாயம் ஆச்சி, அப்படி யோசிக்கவில்லை. அப்படியென்றால் பின் தெருவையே எல்லாருக்கும் முன் வாசலாக மாற்றிவிட்டால் என்ன? இந்த வீடுகள் தெருவுக்குத் தெரு நீளுகிறவைதானே. ஆட்டோவும் அங்கேதான் திரும்ப முடியும்.

பூக்கல் மாணவி:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து திரும்ப வரைந்தேன். இன்று காலையில் திரும்பப் போய் அளந்தேன், பின் தெருவிலிருந்து ஏற்றம் பதினான்கு அங்குலம்தான், பதினான்கடியில் சாய்தளம் முடிகிறது. எல்லாரும் அந்த வழி. வந்தவுடன் அடுப்படி இருந்த இடம் ரிசப்ஷன், அடுத்து இரண்டாங்கட்டில் இரும்புச் சட்டத்தோடு ஜிம், பக்கத்திலேயே கழிப்பறை, அப்புறம் வளவு, அதன் அறைகளில் ஸ்பீச். முகப்பும் திண்ணையும் பெற்றோருக்கு. வீடு அப்படியே திரும்பிக்கொண்டது.

நேர்கோட்டை ஜிம்முக்கும் வளவுக்கும் நடுவே உடைக்கிறேன், நிலைக்கு முன்னால் மரச் சட்டத் தடுப்பு ஒன்று, சுற்றிக்கொண்டுதான் போக முடியும், இடைவெளி வழியே ஆள் தெரியும். பின் தெருக் கதவுக்கும் திண்ணைக் கதவுக்கும் தாழ்ப்பாள் மேலே. வளவு வாசலைச் சுற்றி நீண்ட மரப் பெஞ்சு, படி மறைந்து உட்காருகிற இடம் ஆகிவிடும். வண்ணத்துப்பூச்சி எல்லாம் போய்விட்டது, கொஞ்சம் வருத்தம்தான். ஒரு சந்தேகம் மட்டும்: தடுப்பு எவ்வளவு உயரம் வைப்பது? புத்தகத்தில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு அளவு இருக்கிறது.

மானகிரி தெரபிஸ்ட்:

பிள்ளை ஏற முடியாத அளவு. குறுக்குக் கம்பி வைக்காதே, அது ஏணி. நெட்டுக் கம்பியாக வை, தலை நுழையாத இடைவெளியில்.

கோட்டையூர் அம்மா:

பழைய அட்டையில் அந்த உயரத்துக்கு ஒன்று வெட்டி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வா. என் பையன் முன்னால் வைத்துப் பார்க்கலாம். மத்தியானம் வராதே, தூங்குவான். நாலு மணிக்கு மேல் வா.