கடைசி ஸ்டேஷன் பக்கத்தில் கார் பார்க்கிங்கா, வீடுகளா?

கடைசி_ஸ்டாப் எழுதியது:

எங்கள் நகரத்து லைட் ரெயிலை (டிராம் மாதிரி நகருக்குள் ஓடுகிற சின்ன ரயில்) இன்னும் ஆறு ஸ்டேஷன் நீட்டிக்கப் போகிறார்கள். போன மாதம் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சுவரில் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தார்கள். கடைசி ஸ்டேஷனை ஒட்டி, ஸ்டேஷனைவிடப் பல மடங்கு பெரிதாக ஒரு சாம்பல் நிறக் கட்டம். என்ன இது என்று கிட்டே போய்ப் பார்த்தால் ஆயிரம் கார் நிறுத்துகிற பார்க்கிங். அதற்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை, இந்தப் பக்கம் காலி நிலம். காலி நிலத்தைப் பச்சைப் பென்சிலால் தீட்டி "எதிர்கால வளர்ச்சி" என்று எழுதியிருந்தது. எதிர்காலம் என்றால் எப்போது என்று கேட்டேன். "ரயில் வந்துவிட்டால் அதெல்லாம் தானாக வந்துவிடும்" என்றார் அங்கே நின்றிருந்தவர்.

தானாக வருமா? எனக்கு இந்தத் துறை தெரியாது, நான் கணக்கு எழுதுகிறவன். ஆபீஸில் ஒருவர் பார்க்கிங் இல்லாவிட்டால் ஊர் எல்லையில் ரயிலில் ஏற ஆளே இருக்காது என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா, அடுக்குமாடி வந்தால் வாடகை ஏறி நாமெல்லாம் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரி மாதிரிதான் இருக்கிறது, அதுதான் குழப்பம். அடுத்த கூட்டத்தில் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். எதைக் கேட்டால் உருப்படியாக இருக்கும்?

---

வரைபடக்காரன் எழுதியது:

தானாக வராது. இதே வேலையில் பல வருடம் இருந்துவிட்டுச் சொல்கிறேன், "தானாக" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைப் பற்றி இன்னும் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கணக்கு ஆள் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு கார் நிற்க, திரும்ப, உள்ளே வர, வெளியே போக என்று எல்லாம் சேர்த்தால் சுமார் 30 சதுர மீட்டர் வேண்டும். ஆயிரம் காருக்கு 3 ஹெக்டேர், அதாவது ஏழரை ஏக்கர். காலையில் பெரும்பாலும் காருக்கு ஒரு ஆள்தான் வருவார், எட்டு மணிக்குள் இடம் நிறைந்துவிடும், அப்புறம் சாயங்காலம் வரை அந்த ஏழரை ஏக்கர் புதிதாக ஒரு பயணியைக்கூட ரயிலுக்குக் கொண்டுவராது. அதே இடத்தில் நான்கைந்து மாடியில் ஹெக்டேருக்கு 150 வீடு என்று வைத்தால் 450 வீடு. காலை நெரிசல் நேரத்தை மட்டும் எண்ணினால் பார்க்கிங்தான் ஜெயிக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் உங்களுக்குக் காட்டப் போவதும் அந்த எண்ணைத்தான். ஆனால் வீட்டில் இருப்பவர் பதினொரு மணிக்கும் போவார், ஞாயிற்றுக்கிழமையும் போவார், பள்ளிக்கூடப் பிள்ளையும் போகும், கார் ஓட்டத் தெரியாத பாட்டியும் போவார்.

இதைவிட முக்கியம் அந்த 3 ஹெக்டேர் எங்கே இருக்கிறது என்பது. ஸ்டேஷனிலிருந்து எந்தப் பக்கமும் 200 மீட்டர் தூரத்துக்குள், அதாவது இரண்டு மூன்று நிமிட நடையில், இருக்கிற மொத்த நிலமே பன்னிரண்டரை ஹெக்டேர்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நெடுஞ்சாலை அதில் பாதியைத் தின்றுவிட்டது. மிச்சம் ஆறேகால். அதில் பாதி பார்க்கிங். ஆக, நடந்து வரக்கூடிய எல்லாரையும் கார்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அந்தப் பச்சைப் பென்சில் நிலத்தில் வளர்ச்சி வரும் என்று காத்திருக்கப் போகிறோம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ரயில் பாதை போடுவது ஏன் என்பதும் தெரிந்ததுதான். நிலம் கையில் இருக்கிறது, யார் வீட்டையும் இடிக்க வேண்டாம், எதிர்ப்பு குறைவு. அமெரிக்காவின் டென்வரில் 2006இல் திறந்த தென்கிழக்குப் பாதை அப்படித்தான், 19 மைல், பெரும்பகுதி நெடுஞ்சாலையை ஒட்டியே. அங்கே கட்டடமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. ஆனால் இந்த மாதிரி பிளாட்ஃபார்மில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் கத்த வேண்டும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிகிற கடைக்குப் போக நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். கையில் பை இருந்தால் அடுத்த முறை காரிலேயே போய்விடுவீர்கள்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. அதே நாட்டில் போர்ட்லண்டின் மேற்குப் பாதை 1998இல் திறந்தது, அதில் ஒரேன்கோ என்று ஒரு ஸ்டேஷன். அந்த இடம் வெறும் வெளியாக இருந்தபோதே அங்கே என்ன கட்டலாம், எவ்வளவு நெருக்கமாகக் கட்டலாம் என்ற விதியைப் பாதையோடு சேர்த்தே யோசித்துவிட்டார்கள். அதனால் வீடும் கடையும் நடைபாதையும் சேர்ந்து ஒரு குட்டி ஊராக வளர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் இருந்த பார்க்கிங்கில்கூடப் பின்னாளில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. அவர்களிடம் நிலமும் இருந்தது, விதியும் இருந்தது, ரயில் மூன்றாவதாக வந்தது.

முதலில் இந்த இரண்டைக் கேளுங்கள்: அந்தப் பச்சை நிலம் யார் பெயரில் இருக்கிறது, இன்றைய தேதிக்கு அதில் என்ன கட்ட அனுமதி. பதில் "கிடங்கு" அல்லது "தனி வீடு மட்டும்" என்று வந்தால் பென்சில் பச்சைக்கு அர்த்தமே கிடையாது.

---

இரவு_ஷிப்ட் எழுதியது:

வரைபடக்காரன் சார் சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. நான் காலை நாலரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவன். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. இப்போதுள்ள கடைசி ஸ்டேஷனில் காரைப் போட்டுவிட்டு ரயில் ஏறுகிற ஒரே காரணத்தால்தான் நான் முழுத் தூரமும் ஓட்டாமல் இருக்கிறேன். ஸ்டேஷன் பக்கத்தில் வீடு வாங்க முடிந்தவனுக்கு ரயில், வாங்க முடியாமல் தள்ளிப் போனவனுக்கு பார்க்கிங்கும் இல்லை என்றால் இது யாருக்கான திட்டம்? பார்க்கிங் வேண்டாம் என்று பேசுகிறவர்கள் பாதிப் பேர் பத்து மணி ஆபீஸ்காரர்கள்.

---

வரைபடக்காரன் எழுதியது:

நியாயம்தான், பார்க்கிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாசலில் வேண்டாம் என்கிறேன். காரில் வருகிறவர் இன்னும் ஐந்து நிமிடம் நடந்தால் ரயிலை விட்டுவிட மாட்டார், நடந்தே வருகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் கூடினால் விட்டுவிடுவார். 300 மீட்டர் தள்ளி, வெளிச்சமான நடைபாதையோடு, அடுக்கு பார்க்கிங்காக வைக்கலாம். தரையில் பரப்புவதைவிடச் செலவு அதிகம், அது உண்மை, அதனால்தான் தயங்குகிறார்கள். உங்கள் நாலரை மணிக்கு இணைப்பு பஸ் விட்டால் அதுவும் தீர்வுதான். விரிவாக்கத்தின் செலவுக் கணக்கில் இணைப்பு பஸ் இருக்கிறதா என்று கேட்டாலே பல கூட்டங்களில் அமைதியாகிவிடுவார்கள்.

கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்து ஃப்ரூட்வேல் கதையையும் சொல்லிவிடுகிறேன், அது லைட் ரெயில் இல்லை, பார்ட் என்கிற பெரிய ரயில், ஆனாலும் இதே சண்டைதான். 1991இல் ஸ்டேஷனுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே பல மாடி பார்க்கிங் கட்டப் போவதாக அறிவித்தார்கள். அந்தப் பகுதி மக்கள், எங்கள் தெருவை ஸ்டேஷனிலிருந்து சுவர் வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று எதிர்த்தார்கள். கடைசியில் அந்த இடத்தில் வீடு, கிளினிக், நூலகம், கடை எல்லாம் சேர்ந்து ஒரு நடைபாதை வளாகம் வந்தது. பார்க்கிங் ஒழியவில்லை, இடம் மாறியது. ஆனால் அறிவிப்பிலிருந்து திறப்பு வரை பத்து வருடத்துக்கு மேல் ஆனது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மூன்றாம்_மாடி எழுதியது:

பக்கத்து வீட்டு அம்மாவின் பயத்தை யாரும் தொடவே இல்லையே. நான் வாடகைக்கு இருப்பவள், அதனால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

ஆஸ்திரேலியத் தலைநகர் கேன்பராவில் 2019 ஏப்ரலில் திறந்த 12 கிலோமீட்டர் பாதை நகருக்குள் நுழைகிற பெரிய அவென்யூவில் பழைய அரசுக் குடியிருப்புகள் வரிசையாக இருந்தன. பாதை வருவதை ஒட்டி அவற்றை இடித்து நிலத்தை விற்றார்கள். அரசு சொத்தை விற்று அந்தப் பணத்தைப் புதிய திட்டத்தில் போட்டால் மத்திய அரசு மேற்கொண்டு 15 சதவீதம் தரும் என்று அப்போது ஒரு ஏற்பாடு இருந்தது. அங்கே இருந்தவர்களைத் தெருவில் விட்டுவிடவில்லை, மாற்று வீடு கொடுத்தார்கள், ஆனால் நகரத்தின் வேறு வேறு பகுதிகளில். கணக்குப்படி ஒன்றுக்கு ஒன்று சரி. ரயில் வாசலுக்கு வரும்போது அந்த வாசலில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு எதிர்த்திசையில் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு விதி உண்டு, 2015இல் மாநிலச் சட்டமாகவே வந்தது. பாதை போட வாங்கிய நிலத்தில் வேலை முடிந்ததும் மிஞ்சுகிற, வீடு கட்டத் தோதான இடத்தில் 80 சதவீதத்தை முதலில் குறைந்த வாடகை வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் கொடுக்க முன்வர வேண்டும். அங்கே கட்டுகிற வீடுகளில் 80 சதவீதம், அந்தப் பகுதியின் நடு வருமானத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ சம்பாதிக்கிறவர்களுக்கு. மூன்று எண்பது, ஞாபகம் வைத்துக்கொள்ள சுலபம்.

மிஞ்சுகிற நிலம் என்று ஏதோ துண்டு துக்கடா என நினைக்க வேண்டாம். பாதை வேலை நடக்கும்போது தண்டவாளம், குழாய், கிரேன், மண் எல்லாம் குவித்து வைக்க ஒவ்வொரு ஸ்டேஷன் பக்கத்திலும் ஒரு பெரிய முற்றம் வளைத்துப் போடுவார்கள், தகரம் அடித்து மூடியிருக்கும். வேலை முடிந்த அன்றைக்கு ஸ்டேஷன் வாசலிலேயே காலியாக இருக்கிற, ஏற்கெனவே பொதுப்பணத்தில் வாங்கிய நிலம் அதுதான். அதை யாருக்கு, என்ன நிபந்தனையில் கொடுப்பார்கள் என்பதைப் பாதை திறந்த பிறகு கேட்டால் யாரோ ஒரு டெவலப்பர் கையில் போயிருக்கும். கடைசி_ஸ்டாப், நீங்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று, ஸ்டேஷன் எங்கே நிற்கும் என்பதுகூட முடிந்த முடிவு இல்லை. அமெரிக்காவில் மின்னியாபோலிஸுக்கும் செயின்ட் பாலுக்கும் நடுவே 2014இல் திறந்த பச்சைப் பாதையில், ஏழைகளும் கறுப்பின மக்களும் நிறைய வாழ்கிற பகுதியில் ஸ்டேஷன்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டிருந்தார்கள். காரணம் பணம் தருவதா என்று பார்க்க மத்திய அரசு வைத்திருந்த செலவுச் சூத்திரம், ஒரு ஸ்டேஷன் கூடினால் மதிப்பெண் குறையும். மக்கள் வருடக்கணக்கில் விடாமல் கேட்டார்கள், 2010இல் அந்தச் சூத்திரமே தளர்ந்தது, ஹாம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் என்று மூன்று ஸ்டேஷன் சேர்ந்தன. கறுப்பு மக்களின் ராண்டோ என்ற குடியிருப்பை நெடுஞ்சாலைக்காக ஏற்கெனவே ஒருமுறை இரண்டாகக் கிழித்திருந்த இடம் அது. இன்னொரு முறை ஏமாற அவர்கள் தயாராக இல்லை.

---

குழி_தோண்டி எழுதியது:

நான் குழாய் மாற்றுகிற வேலையில் இருந்தவன், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். ரோட்டுக்கு நடுவே பாதை போடும்போது தண்டவாளம் வைப்பது சின்ன வேலை. அதற்கு அடியில் தண்ணீர், சாக்கடை, எரிவாயு, மின்சாரம், தொலைபேசி என்று யார் யாரோ எப்போதோ புதைத்தது கிடக்கும், வரைபடத்தில் ஒரு மீட்டர் இடது பக்கம் என்று இருந்தால் தரைக்குள் இரண்டு மீட்டர் வலது பக்கம் இருக்கும். பிற்பாடு குழாய் உடைந்தால் ரயிலை நிறுத்திவிட்டுத் தோண்ட முடியாது, ஆகவே முதலிலேயே எல்லாவற்றையும் ஓரத்துக்கு மாற்ற வேண்டும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ டிராம் தெரியுமா? நியூஹேவன் வரை போக வேண்டிய பாதை, பணமும் காலமும் எகிறிப்போய் 2014இல் பாதி வழியில் யார்க் பிளேஸில் நின்றது. மிச்சம் 4.69 கிலோமீட்டரும் எட்டு நிறுத்தமும் 2023 ஜூனில்தான் திறந்தன. டிராமை நம்பி லீத் துறைமுகப் பக்கம் போட்டு வைத்த குடியிருப்புத் திட்டங்கள் நடுவில் பல வருடம் தொங்கின. நீட்டிப்புக்குத் தோண்டும்போது சர்ச் வாசல் ரோட்டுக்கு அடியில் 300க்கும் மேற்பட்ட பழங்காலச் சடலங்கள் கிடைத்தன, தூரிகையால் மண்ணைத் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் தெருக் கடைக்காரர்களை நினைத்துப் பாருங்கள், முதல் முறை ரோட்டைத் தோண்டினார்கள், பாதை வரவில்லை, மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள்.

ஆறு ஸ்டேஷனும் ஒரே தடவையில் திறக்குமா, இல்லை பணம் குறைந்தால் எதை வெட்டுவார்கள் என்று கேளுங்கள். வெட்டுவது எப்போதும் கடைசி ஸ்டேஷனைத்தான். உங்கள் ஸ்டேஷன்.

---

கடைசி_ஸ்டாப் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரவு_ஷிப்ட் சொன்னதைப் படித்த பிறகு பார்க்கிங்கை எதிர்த்துப் பேசப் போவதில்லை, தள்ளி வைக்கச் சொல்லப் போகிறேன். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன், எல்லாவற்றையும் சேர்த்தால் நாலு நிமிடம் வருகிறது. அதனால் மூன்றே மூன்று: பச்சை நிலம் யார் பெயரில் இருக்கிறது, இன்று அதில் என்ன கட்டலாம், வேலை முடிந்ததும் அந்தத் தகர வேலிக்குள் இருக்கிற நிலம் யாருக்குப் போகும். இணைப்பு பஸ் கேள்வியைப் பக்கத்து வீட்டு அம்மா கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார், அவருக்கும் தனியாக இரண்டு நிமிடம் உண்டு. எந்த ஸ்டேஷனை வெட்டுவார்கள் என்று கேட்க மட்டும் எனக்குத் தைரியம் இல்லை, யாராவது அந்தப் பக்கம் இருந்தால் வந்து கேளுங்கள்.

---

குழி_தோண்டி எழுதியது:

நில விஷயத்தை வாயால் மட்டும் கேட்காதீர்கள், எழுதியும் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் கேட்டதற்கு "தானாக வரும்" என்றுதான் பதில் வரும்.