மறு: 'சாம்ப்ளிங்' – மாதிரியா, கூறா, பதமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் அச்செடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். கேள்வி கேட்டவள் நான்தான். முழுவதையும் அறிய அதில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதை ஆங்கிலத்தில் சாம்ப்ளிங் என்கிறோமே, 'சாம்ப்ளிங் என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும்' என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டேன், எதற்கு என்று சொல்லவில்லை. ஒலிப்பதிவுக்காரர் ஒரு பக்கமும் புள்ளியியல் ஆசிரியர் ஒரு பக்கமும் இழுக்க நேர்ந்தது அதனால்தான். இந்தச் சொல் எங்கே போய் உட்காரப்போகிறது என்பதை இப்போதாவது விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது காவேரிப்பட்டணம். என் அண்ணன் மகனும் அவனோடு படித்த இருவரும் ஓசூரில் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறார்கள். ஆழ்துளைக் கிணற்றில் நமக்கு வேண்டிய ஆழத்திலிருந்து மட்டும் தண்ணீரை எடுத்துவரும் ஒரு குழாய்க் கருவியைச் செய்தார்கள். இருபுறமும் திறந்த குழாய். கயிற்றில் கட்டி இறக்குவது. வேண்டிய ஆழம் வந்ததும் கயிற்றோடு ஒரு குட்டி எடையை நழுவ விட்டால் அது போய்த் தட்டும், இரண்டு வாயும் மூடிக்கொள்ளும். கடல் ஆராய்ச்சியில் நூறு ஆண்டுக்கு மேலாகப் புழங்கும் உத்தி இது. நார்வே நாட்டு நான்சன் பெயரில் ஒரு குப்பியே இருக்கிறது. இவர்கள் அதை ஆறரை இஞ்ச் போருக்குள் போகும்படி ஒடுக்கினார்கள்.

எதற்காக என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு. பழுப்பேறிய பல்லும் வளைந்த காலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து அது நீரில் கரைகிறது; காய்ச்சினாலும் போகாது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்புகளின் வழியாகத்தான் வருகிறது. 150 அடியில் ஓர் ஊற்று இருக்கும், 400 அடியில் இன்னொன்று இருக்கும். மோட்டார் போட்டு இறைத்தால் எல்லாம் கலந்துதான் மேலே வரும். எந்த ஊற்று கெட்டது என்று தெரிந்தால் அதை மட்டும் அடைத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாமே என்பது பிள்ளைகளின் எண்ணம்.

எண்ணம் நல்லதுதான், ஆனால் வாங்க ஆளில்லை. போருக்குள் ஏற்கெனவே மோட்டார் தொங்குகிறது. கருவியை இறக்க வேண்டுமானால் மோட்டாரையும் அத்தனை நீளக் குழாயையும் மேலே தூக்கியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை எந்த விவசாயி கூலி கொடுத்துத் தூக்குவார்? ஒன்றரை ஆண்டில் விற்றவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிறகு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த அண்ணன் மகன் திண்ணையில் வைத்து அந்தக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டில் பால் சேகரிப்பு நடத்துகிறவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "தம்பி, இத பால் டேங்கர்ல உட முடியுமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் நிறுவனத்தைத் திருப்பிப் போட்டது.

அவருக்கு இருந்த தலைவலி இது. கிராமத்தில் பால் வாங்கும்போது ஃபேட் ஒரு கணக்கு காட்டுகிறது, நகரத்தில் டேங்கரை இறக்கும்போது வேறு கணக்கு காட்டுகிறது. ஃபேட் என்கிற கொழுப்பையும், கொழுப்பும் நீரும் போக மிஞ்சும் திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பையும் மிஷினில் அளந்துதான் பாலுக்குக் காசு. மிஷின் சரியில்லை என்று இவர்கள் அவர்களைச் சொல்ல, அவர்கள் இவர்களைச் சொல்ல, மிஷினையே மாற்றிப் பார்த்தும் சண்டை தீரவில்லை. நானும் ஒரு விடியற்காலை கூடப் போய்ப் பார்த்தேன். டேங்கர் மூடியைத் திறந்தவர் நீளக் காம்பு வைத்த கரண்டியை விட்டு மேலாக மொண்டார். இரண்டு மணி நேரம் வண்டியில் வந்த பால். ஏடு மேலே கூடியிருந்தது. கரண்டி விளிம்பில் மஞ்சள் பூத்தாற்போல் ஒட்டிக்கொண்டு வந்ததைக் கண்ணால் கண்டேன். அதே இடத்தில் வேறொரு நாள் டேங்கரின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து பிடித்தார்கள். அது மெலிந்த பால். இரண்டையும் அளந்த மிஷின் இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னது. தப்பு நடந்தது எடுத்த கையில்.

கருவியை மாற்றினார்கள். தட்டும் எடையை எடுத்துவிட்டார்கள். மெல்ல இறக்கினால் அந்தந்த மட்டத்துப் பால் அந்தந்த இடத்திலேயே குழாய்க்குள் ஏறும்; அடியைத் தொட்டதும் கீழ்வாய் மூடிக்கொள்ளும். மேலிருந்து கீழ்வரை ஒரு நெடுக்குத் துண்டு கிடைக்கும். அதிலும் ஒரு குறை உண்டு, அவனே சொன்னான்: "அத்தை, டேங்கர் படுத்த உருளை. நடுவுல அகலம், மேலயும் கீழயும் குறுகல். நேர்க்குழாய் எல்லா மட்டத்துக்கும் ஒரே பங்கு குடுக்கும். ஏட்டுக்கு வர வேண்டியதவிட அதிகமா வந்துடும்." அதனால் பாலை நன்றாகக் கலக்கிவிட்டு எடு என்பது முதல் விதி. கலக்கியது போதுமா என்று பார்க்கத்தான் வெவ்வேறு மட்டத்திலிருந்து எடுக்கும் பழைய கருவி. இப்போது இரண்டும் பாலுக்கே போகின்றன. தண்ணீருக்கென்று கேட்டு வருகிறவர்கள் எப்போதோ ஒருவர்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

கையேட்டைத் தமிழில் எழுதியது நான். 'கலக்கிய பின் மாதிரியை எடுக்கவும்' என்று எழுதினேன். பெட்டிக்குள் பயிற்சிக்கென்று ஒரு குட்டைக் குழாயும் வைத்திருந்தார்கள். அதன் மேல் 'மாதிரி' என்று ஒட்டு ஒட்டச் சொன்னதும் நானே. ஒரு நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் கையேட்டைப் படித்து, பாலைக் கலக்கி, பெட்டியிலிருந்த 'மாதிரியை எடுத்து' டேங்கருக்குள் விட்டுவிட்டான். கழுவிச் சுத்தம் செய்யாத பயிற்சிக் குழாய். அந்த வண்டிப் பால் முழுவதையும் தனியாக நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. "அக்கா, மாதிரிய எடுன்னுதானே எழுதியிருக்கு" என்று அவன் தொலைபேசியில் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவன் எழுதியதை எழுதியபடி படித்தான்.

மாதிரிப் பள்ளி, மாதிரி வினாத்தாள் என்றால் பார்த்துப் பின்பற்றுவதற்கு. மண் மாதிரி, ரத்த மாதிரி என்றால் பிட்டு எடுத்தது. 'அந்த மாதிரி' என்றால் அதைப் போல. மூன்று வேலையை ஒரே சொல்லின் தலையில் கட்டியிருக்கிறோம். பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கையேட்டு வரிக்கு அந்த வசதி இல்லை.

புள்ளியியல் ஆசிரியர் ஐயா 'கூறு' என்கிறார். கூறுவெளி, கூறுபுள்ளி எல்லாம் நம் பள்ளிப் புத்தகத்தில் நிலைத்த சொற்கள். கணக்கில் அவற்றைத் தொட வேண்டாம் என்பதே என் கட்சியும். ஆனால் எங்கள் சந்தையில் கூறு என்றால் தக்காளியைக் குவியல் குவியலாகப் பிரித்து வைத்திருப்பது. முழுவதையும் பங்கிட்டு வந்த ஒரு பங்கு அது. டேங்கர் பாலை யாரும் பங்கிடவில்லை. 'கூறை எடுக்கவும்' என்று எழுதினால் பால்காரர் விழிப்பார். யாழ்ப்பாணத்து அம்மா நினைவூட்டிய 'எழுமாறு' அருமையான சொல், நம் 'சமவாய்ப்பு'க்கு நேரானது. ஆனால் அது எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்வது, எடுத்த பொருளைச் சொல்வதன்று. ஒலிப்பதிவுக்காரர் கேட்பது வேறு செயல். குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவைக் குறித்துக்கொள்கிறார்கள். அங்கே எதுவும் மொள்ளப்படவில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் இரண்டையும் கட்ட வேண்டாம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

நான் முன்வைப்பது 'பதம்', 'பதமெடுப்பு'.

பாலக்கோடு பக்கம் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பாகு முற்றிவரும்போது துடுப்பால் ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார்கள். விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் பதம், கரைந்தால் இன்னும் ஆகவில்லை. கொப்பரை முழுவதைப் பற்றியும் முடிவெடுக்க எடுத்த சொட்டு அது. 'பதம் பார்' என்று சொல்லாத வெல்லக் கொட்டகை கிடையாது.

புலவர் ஐயா மறுத்து எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 'பதம் என்பது பக்குவ நிலை. எடுக்கப்படுவது சோறு, அறியப்படுவது பதம். நிலையைப் பொருளுக்குப் பெயராக்குவது முறையா?' என்கிறார். வலுவான மறுப்பு. ஆனால் பழமொழியையே பாருங்கள்: 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.' அங்கே அந்த ஒரு சோறே பதமாகி நிற்கிறது. நிலையைக் குறித்த சொல் அந்நிலையைக் காட்டும் பொருளுக்கு நகர்ந்தது நம் காலத்தில் அன்று. நான் புதிதாகச் செய்வது ஒன்றுமில்லை ஐயா, பழமொழி வைத்த இடத்திலேயே வைக்கிறேன். 'பதம்' என்றால் சொல் என்றும் பொருள் உண்டே, கத்தி கையைப் பதம் பார்த்தது என்கிறோமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். 'பதமெடுப்பு' என்று கூட்டிச் சொன்னால் அந்தக் குழப்பம் வராது.

'எடுப்பு' வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பானைச் சோற்றில் ஒரு சோறு போதும், ஏனென்றால் உலை கொதித்துத் தானே கலக்கிக்கொள்கிறது. டேங்கர் பால் கொதிப்பதில்லை, போரின் ஊற்றுகள் ஒன்றுபோல் இல்லை. எங்கிருந்து, எப்படி எடுத்தோம் என்பதிலேயே பாதி விடை முடிந்துவிடுகிறது. உரைகல், சோதனை, ஆய்வு என்று வந்த பரிந்துரைகள் எல்லாம் எடுத்த பிறகு நடப்பதைச் சொல்கின்றன. பால்காரர்கள் இத்தனை நாள் மிஷினோடு சண்டை போட்டதும் இந்த இடத்தைப் பார்க்காததால்தான். சொல்லிலேயே எடுக்கிற கை தெரிய வேண்டும்.

மண் மாதிரியைத் தொடமாட்டேன். உழவர்கள் அதைப் பேசிப் பழகிவிட்டார்கள், பழகிய சொல்லைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில வி எழுத்துப்போல் 15 சென்டிமீட்டர் வெட்டி, மண்ணைச் சேர்த்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவருகிறார்களே, அந்த வேலைக்கும் 'பதமெடுப்பு' பொருந்தும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கருவிக்கு 'பதமெடுப்பி' என்று எழுதி வைத்திருந்தேன். கோவை நண்பர், எண்ணெய்க் கிடங்கிலும் தானியக் கிடங்கிலும் இப்படிப்பட்ட குழாயை ஆங்கிலத்தில் 'தீஃப்' என்பார்கள், நாமும் 'களவன்' என்னலாமே என்றார். பால் ஊற்றுகிற பெண்கள் எதிரே நின்று பார்க்கும் கருவிக்கு அந்தப் பெயர் வேண்டாம் நண்பரே. அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கருவியே. சென்ற வாரம் எதிர்வீட்டுக்காரரின் சாமான் நோட்டைப் பார்த்தேன். கேன் 40, வடிகட்டி 6 என்று வரிசையாக எழுதி, கீழே 'முங்குகுழாய் 2' என்று இருந்தது. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. 'பதமெடுப்பி'யை அடித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பவை இரண்டு. பல முறை எடுத்து ஒன்றாகச் சேர்த்ததற்கு 'திரட்டுப் பதம்' என்று எழுதினேன். பால் வேலைக்காரர்களுக்குத் திரட்டுப்பால் நினைவு வந்து வேறு எதையோ காய்ச்சச் சொல்வதாகப் படுகிறது. 'கூட்டுப் பதம்', 'சேர்ப்புப் பதம்' இரண்டில் எது என்று சொல்லுங்கள். இன்னொன்று, முழுப் பாலின் தன்மையையும் உள்ளபடி காட்டுகிற பதத்துக்கு ஒரு சொல். 'நிகர்ப் பதம்' நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கெழுதுகிறவர்களுக்கு நிகர் என்றால் கழித்தது போக மிச்சம். 'பிரதிநிதித்துவ மாதிரி' என்பதைக் கையேட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

புதிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் மாலைக்குள் எழுதுங்கள். பயிற்சிக் குழாயின் ஒட்டை இப்போதே மாற்றிவிட்டேன், 'பழகுகுழாய்' என்று.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து