விமானி பெல்ட்டைக் கழற்றினாரா, தளர்த்தினாரா?

லிந்துலை மகேன்:
நேற்று டிக்கோயா சுதன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. "பெல்ட் சட்டமெல்லாம் பயணிகளுக்குத்தான். மேலே ஏறியதும் விமானிகள் கழற்றிவிடுவார்கள். 1990இல் பிரிட்டிஷ் எயார்வேஸ் கப்டன் ஜன்னல் வழியாக வெளியே போனதே பெல்ட்டைக் கழற்றியதால்தான்" என்கிறார். அவர் கழற்றவில்லை, தளர்த்தினார். விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது: விமானிகள் இரண்டு பேரும் தோள்பட்டியை விடுவித்திருந்தார்கள், கப்டன் இடுப்புப் பட்டியைத் தளர்த்தியிருந்தார். 17,300 அடியில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பூட்டிய 90 போல்ட்டில் 84 விட்டம் சிறியவை, மிச்சம் ஆறும் நீளம் போதாதவை. பிழை போல்ட் பூட்டிய இடத்தில். விமானியின் தலையில் கட்டாதீர்கள்.

டிக்கோயா சுதன்:
தளர்த்தினால் என்ன, கழற்றினால் என்ன அண்ணன்? மனுசன் இடுப்புக்கு மேலே வெளியே தொங்கினாரா இல்லையா? விமான ஊழியர்கள் காலைப் பிடித்திருக்காவிட்டால் போயிருப்பார். கட்டுநாயக்கவில் வேலை செய்தீர்கள் என்பதற்காக வானம் முழுக்க உங்களுக்குச் சொந்தமா?

கொட்டகலை டீச்சர்:
இரண்டு பேரும் முதலில் எந்தப் பட்டி என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். இடுப்புப் பட்டிக்கு ஒரு விதி, தோள்பட்டிக்கு இன்னொரு விதி.

லிந்துலை மகேன்:
டீச்சர், விதி எனக்குத் தெரியும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, விமானி தன் ஆசனத்தில் இருக்கும்வரை இடுப்புப் பட்டி போட்டே இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் தோள்பட்டியும் சேர வேண்டும். அமெரிக்கச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2018 மே மாதம் சீனாவில் சிச்சுவான் எயார்லைன்ஸ் விமானத்திலும் முன்கண்ணாடி உடைந்தது. துணை விமானி பாதி உடம்பு வெளியே போயும் பட்டி போட்டிருந்ததால் பிழைத்தார். செங்டுவில் பத்திரமாக இறக்கினார்கள். பட்டி போடாத கூட்டம் என்றால் அந்த மனுசன் இன்றைக்கு எங்கே? சுதன் இதற்குப் பதில் சொல்லட்டும்.

டிக்கோயா சுதன்:
ஒருத்தர் போட்டார் என்றால் எல்லாரும் போடுகிறார்கள் என்று ஆகிவிடுமா? கதவை மூடிக்கொண்டால் உள்ளே யார் பார்க்கிறது? றம்பொடை வளைவில் நம்ம பஸ் சாரதிகள் போடுகிறார்களா? பொலிஸைக் கண்டால் இழுத்து மாட்டுவார்கள், தாண்டியதும் விடுவார்கள். விமானி மட்டும் வானத்திலிருந்து குதித்தவரா?

நானுஓயா சாரதி:
தம்பி, பஸ்காரனை ஏன் இழுக்கிறீர்கள்? முன் ஆசனத்துக்கு 2011இல்தான் சட்டமே வந்தது. நான் ஓட்டிய பழைய பஸ்களில் பட்டி என்று ஒன்று இருந்ததே இல்லை. பூட்டித் தராமல் போடு என்றால் எதைப் போடுவது? 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பஸ் சாரதிக்குப் பட்டி என்று எல்லாரும் வாய் திறந்தார்கள். ராத்திரி முழுக்க மூடுபனியில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

டிக்கோயா சுதன்:
நான் உங்களைச் சொல்லவில்லையே. தொப்பி பொருந்துகிறதென்று நீங்களே எடுத்து மாட்டினால் நான் என்ன செய்ய?

நானுஓயா சாரதி:
உங்கள் ஊருக்கு உங்களைக் கொண்டுபோய் விட்டதே எங்கள் பஸ்தான். மறக்க வேண்டாம்.

லிந்துலை மகேன்:
பஸ் கதையை நிறுத்துங்கள். சுதன் இப்படி எழுதுவது முதல் தடவையா? சப்த கன்னியர் மலையில் 1974 டிசம்பர் 4ஆம் திகதி மார்ட்டின் எயார் விமானம் மோதி 191 பேர் இறந்ததைப் பற்றியும் "விமானி தூங்கிவிட்டார்" என்று எழுதியவர் இவர்தானே? சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பயணிகள். விமானிகள் இருக்கிற இடத்தைத் தப்பாகக் கணித்து, கொழும்பு நெருங்கிவிட்டதென்று நினைத்துக் கீழே இறக்கினார்கள். தூங்கவில்லை. அன்றைக்கும் கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை.

கொட்டகலை டீச்சர்:
அந்த விபத்தில் பட்டிக்கு என்ன சம்பந்தம்? மஸ்கெலியாப் பக்கம் அந்த ராத்திரியை இன்னும் நினைத்துப் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சண்டைக்கு அவர்களை இழுக்காதீர்கள்.

லிந்துலை மகேன்:
சம்பந்தம் இருக்கிறது டீச்சர். செத்தவர்கள் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது. அதனால் வாய்க்கு வந்தபடி விமானி மேல் பழி போடுகிறார்கள். 1990 விமானத்தையே பாருங்கள். துணை விமானி இடுப்புப் பட்டியோடு ஆசனத்திலேயே இருந்தார், சவுத்தாம்ப்டனில் இறக்கினார், ஒரு உயிர்கூடப் போகவில்லை. பட்டியின் வேலை அதுதான்.

டிக்கோயா சுதன்:
பிய்ந்தது இடதுபக்கக் கண்ணாடி, கப்டன் பக்கம். துணை விமானி வலதுபக்கம். அவர் முன்னால் கண்ணாடி அப்படியே இருந்தது. அதற்குப் பட்டிக்குப் பெருமை சேர்க்கிறீர்களே! சரி, ஒன்று கேட்கிறேன். கப்டன் தளர்த்தாமல் இறுக்கமாகப் போட்டிருந்தால் அவ்வளவு தூரம் போயிருப்பாரா? அப்போ தளர்த்தியது பிழைதானே? இதைத்தானே நானும் சொன்னேன்.

லிந்துலை மகேன்:
நீங்கள் சொன்னது கழற்றினார் என்று. மேலே போய் நீங்கள் எழுதியதை நீங்களே படியுங்கள்.

டிக்கோயா சுதன்:
பேச்சுக்குச் சொன்னது.

லிந்துலை மகேன்:
பேச்சுக்கு ஒரு மனுசனின் தொழிலைக் கேவலப்படுத்துவீர்களா? அவர் கழற்றவில்லை. தளர்த்தினார். ஐந்து மாதத்துக்குள் திரும்ப விமானம் ஓட்டப் போனார்.

நானுஓயா சாரதி:
பஸ்காரனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, சுதன் தம்பி.