திடீரென்று சில மணி நேரம் மட்டும் மறந்துபோனவர்கள் உங்கள் வீட்டில் உண்டா?

அப்பாவுக்கு 63 வயது. போன சீசனில் குடும்பமாகக் குற்றாலம் போயிருந்தோம். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர், "எம்மா, நாம எப்ப இங்க வந்தோம்?" என்றார். காலையில்தான் என்றேன். சரி என்று தலையாட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுபடியும் அதே கேள்வி, அதே குரலில். விளையாடுகிறார் என்று தம்பி சிரித்தான். எங்கள் எல்லோர் பெயரையும், ரிட்டையர் ஆன ஆபீஸையும் சரியாகச் சொன்னார். சட்டைப் பொத்தானை வரிசையாகப் போட்டார். பேச்சு குழறவில்லை, வாய் கோணவில்லை, கை கால் இழுக்கவில்லை. ஆனால் புதிதாக எதைச் சொன்னாலும் மனதில் தங்கவில்லை.

பக்கவாதமோ என்று பயந்து தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கிருந்து திருநெல்வேலி. வழியெல்லாம் "எங்க போறோம்?"தான். சுகர், சோடியம், சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எதிலும் ஒன்றும் இல்லை. பொழுது சாயும்போது கேள்விகள் குறைந்தன. ராத்திரி இட்லிக்குச் சட்னி சரியில்லை என்று குறை சொன்னார், அப்போதுதான் எங்களுக்கு உயிர் வந்தது. அருவிக்கரையிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரை நடந்த எதுவும் இன்றுவரை அவருக்கு நினைவில்லை.

நரம்பியல் டாக்டர் சொன்ன பெயர் டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா, சுருக்கமாக டிஜிஏ. 1964-இலேயே ஃபிஷர், ஆடம்ஸ் என்ற இருவர் விரிவாக எழுதிவைத்த விஷயமாம். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும், 24 மணி நேரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். குளிர்ந்த நீரில் இறங்குவது, கடும் உடல் உழைப்பு, மூச்சைப் பிடித்து முக்குவது, பெரிய துக்கச் செய்தி இவற்றைத் தொட்டு வருவதுண்டு. ஏன் என்பதுதான் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. மறுபடி எடுத்த எம்ஆர்ஐயில், மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. அது பெரும்பாலும் ஒரு நாள் கழித்துத்தான் கண்ணுக்குப் படுமாம்.

* * *

எங்கள் வீட்டில் காரணம் வேறு. மாமனார் சுகருக்குக் கிளிமிப்ரைடு போடுபவர். சஷ்டி விரதம் என்று சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பக்கத்து வீட்டு அண்ணனையே யாரென்று கேட்டார். குளுக்கோமீட்டரில் 46. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிந்தார், அந்தக் காலைப்பொழுது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. உங்கள் அப்பாவுக்கு ஆட்களை அடையாளம் தெரிந்திருக்கிறது, வியர்வையும் தடுமாற்றமும் இல்லை, அதனால் இது வேறு கேஸ். சுகர் உள்ளவர் என்றால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், இந்த வகை மாத்திரை திரும்பவும் சுகரை இறக்கிவிடும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

* * *

எனக்குத் தூக்க மாத்திரை, ஜோல்பிடெம். போட்டுவிட்டுப் படுக்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். காலையில் பார்த்தால் கொழுந்தியாளிடம் அரை மணி நேரம் பேசி, மகள் கல்யாணத்துக்கு மண்டபம் வரை முடிவு பண்ணியாயிற்று! ஒரு வார்த்தை ஞாபகமில்லை. நல்லவேளை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார்.

* * *

முதலில் எழுதிய சகோதரிக்கு: என் அண்ணனுக்கும் டிஜிஏ என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள். ஆனால் அது ஒருமுறை வந்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. அண்ணனுக்கு வருஷத்தில் பல தடவை வந்தது, அதுவும் தூங்கி எழும்போது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். தூக்கத்தில் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்த பிறகு இது வலிப்பில் ஒரு வகை என்று தெரிந்தது. கை கால் வெட்டவே இல்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வலிப்பு மாத்திரை ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. அப்பாவுக்கு அதன்பிறகு எப்போதாவது வந்ததா? வந்திருந்தால் எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து டாக்டரிடம் காட்டுங்கள்.