மீடியம் வேவுக்குக் கீழே கேட்காத எச்எஃப் ரிக்: உள்ளே கை வைக்கலாமா?

மண்டபம்_மாடி:

வணக்கம். என்னிடம் இருப்பது தொண்ணூறுகளில் வந்த ஒரு ஜப்பான் எச்எஃப் ரிக் (ஹாம் ரேடியோக்காரர்கள் கேட்கவும் பேசவும் வைத்திருக்கும் செட்), 100 வாட், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 40 மீட்டரிலும் 20 மீட்டரிலும் ஒரு குறையும் இல்லை. மேனுவலில் 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து ரிசீவ் என்று போட்டிருக்கிறது, ஆனால் 1.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே டயலை இறக்கினால் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் படுத்துவிடுகிறது. மீடியம் வேவில் தூத்துக்குடியும் புத்தளமும் கேட்கின்றன, அதற்கும் கீழே போனால் வெறும் இரைச்சல்தான், அதுவும் ரொம்ப மெல்லிசாக.

எனக்கு முக்கியமாக வேண்டியது 518 கிலோஹெர்ட்ஸில் வரும் நேவ்டெக்ஸ், கடலோடிகளுக்கு எழுத்தாக வரும் எச்சரிக்கை. அப்பாவுக்கு விசைப்படகு இருக்கிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் ஊருக்கே தெரிந்துவிடும், மீன்வளத்துறை கடலுக்குப் போகும் டோக்கனை நிறுத்தினாலும் தெரிந்துவிடும், சரி. ஆனால் புயல் நேரத்தில் முதலில் போவது கரண்ட், அடுத்து செல் டவர். அப்போது பேட்டரியில் ஓடும் ஒரு ரிசீவர் வீட்டில் இருந்து, எச்சரிக்கை முழுசாக எழுத்தில் வந்து விழுந்தால் எங்கள் தெருவுக்கே உதவும். அதோடு 630 மீட்டர், 2200 மீட்டர் (475, 137 கிலோஹெர்ட்ஸ் பக்கம்) ஹாம் பேண்டுகளில் விஸ்பர் என்ற மெல்லிய சோதனை சிக்னல் ஏதாவது வருகிறதா என்று பார்க்கவும் ஆசை. ரிசீவ் மட்டும்தான், ட்ரான்ஸ்மிட் எண்ணம் கிடையாது.

ஏரியல் மொட்டை மாடியில் 40 மீட்டர் இன்வெர்டட் வி, நடுவைத் தூக்கி இரு பக்கமும் சாய்த்துக் கட்டிய டைபோல். முகப்பில் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ரெசிஸ்டர்களை எடுத்துவிடு என்று ஒருவர் சொல்கிறார், ஒரு டயோடை வெட்டு என்று இன்னொருவர் சொல்கிறார். எதைச் செய்யட்டும்?

பழைய_வால்வு (தூத்துக்குடி):

தம்பி, டயோடைத் தொடவே வேண்டாம். அந்த வேலை ட்ரான்ஸ்மிட்டை எல்லா அலைவரிசைக்கும் திறந்துவிடுவதற்கு, ரிசீவுக்கு அதனால் ஒரு பைசா லாபம் இல்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் சுற்றிவரும் கரையில் அப்படித் திறந்த செட்டை வைத்திருப்பது லைசென்ஸுக்கே வினை.

அட்டெனுவேட்டர் விஷயம் வேறு. 1.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பல மாடல்களில் 15, 20 டெசிபெல் அளவுக்கு வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார்கள். ஊர்ப்பக்கத்து மீடியம் வேவ் நிலையம் அலைவரிசையை மாற்றும் மிக்ஸரை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். நம் கரையில் அந்தப் பயம் நிஜம். உங்களுக்குத் தெற்கே தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் வானொலி, மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் புத்தளம் 882. நடுவில் இருப்பதெல்லாம் உப்புத்தண்ணீர், சிக்னல் தேயாமல் வந்து சேரும். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நீளமான கம்பியை மாட்டினால், இரண்டு நிலையங்களும் ஒலிபரப்பில் இருக்கும் நேரத்தில் 171இல் இரண்டு பேச்சும் கலந்து கேட்கலாம். 1053இலிருந்து 882ஐக் கழித்துப் பாருங்கள். 882இன் இரட்டிப்பிலிருந்து 1053ஐக் கழித்தால் வரும் 711இலும் ஒன்று முளைக்கும். அதை நிலையம் என்று நினைத்து அடையாளம் தேடிக்கொண்டிருப்பீர்கள். எடுப்பதாக இருந்தால் முன்னால் 550 வாக்குக்கு மேல் வருவதை வெட்டும் ஒரு லோ பாஸ் ஃபில்டர் போட்டுவிட்டு எடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. 518இல் நின்று, ஏரியலைக் கழற்றி அதற்குப் பதில் டம்மி லோடை (50 ஓம் ரெசிஸ்டர் சுமை) மாட்டுங்கள். பிறகு ஏரியலை மாட்டுங்கள். இரைச்சல் தெளிவாக ஏறினால் ரிக் போதுமான அளவு கேட்கிறது என்று அர்த்தம். இந்த அலைவரிசைகளில் வானத்து இடிமின்னல் இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு அதிகம். அது ஏற்கெனவே கேட்கும்போது அட்டெனுவேட்டரை எடுத்தால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும், ஒரு எழுத்துகூடக் கூடுதலாக டிகோட் ஆகாது.

சால்டர்_கை:

வால்வு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அட்டெனுவேட்டரை மட்டும் பார்த்தால் போதாது, வழியில் இருக்கும் சின்ன கபாசிட்டரும் சோக் என்ற காயிலும்தான் அடியில் திருடுகின்றன. சர்வீஸ் மேனுவலை எடுத்து ஏரியல் சாக்கெட்டிலிருந்து முதல் மிக்ஸர் வரை விரலை வைத்துக்கொண்டே போங்கள். 0.01 மைக்ரோஃபாரட் சீரிஸில் இருந்தால் 1.8 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 9 ஓம், கவலை இல்லை. 518இல் 31 ஓம், பரவாயில்லை. 137இல் 116 ஓம். 50 ஓம் லைனில் அப்படி ஒன்று இருந்தாலே மூன்றரை டெசிபெலுக்கு மேல் போய்விடும், வரிசையாக நாலைந்து இருந்தால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல ஸ்விட்சிங் டயோடுக்கு டிசி கொடுக்கும் சோக் 100 மைக்ரோஹென்றி என்றால் 1.8இல் 1100 ஓமுக்கு மேல் இருப்பது 137இல் 86 ஓம்தான், அதாவது சிக்னலில் ஒரு பங்கை வழியிலேயே தரைக்கு இறக்குகிறது.

0.1 மைக்ரோஃபாரட் சிப் கபாசிட்டரும் 1 மில்லிஹென்றி சோக்கும் போட்டால் சரியாகிவிடும். ஆனால் 518 மட்டும் போதும் என்றால் இதில் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். ட்ரான்ஸ்மிட் பாதையும் சேர்ந்து வரும் இடத்தில் இருக்கும் பாகங்களை மாற்றவே மாற்றாதீர்கள், அங்கே 100 வாட் ஓடுகிறது.

மண்டபம்_மாடி:

சோதனை செய்துவிட்டேன். 518இல் டம்மி லோடுக்கும் ஏரியலுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, 137இலும் அப்படியே. அப்படியென்றால் ரிக்தான் குற்றவாளியா?

தொண்டி_கரை:

இல்லை தம்பி, அவசரப்படாதீர்கள். 20 மீட்டர் நீளமுள்ள டைபோலை கோஆக்ஸ் கேபிள் வழியாக 518இல் கேட்டால் 50 ஓம் ரிசீவருக்குள் கிட்டத்தட்ட எதுவும் இறங்காது. ஏரியல் ஊமையா, ரிக் செவிடா என்பதை இந்தச் சோதனை மட்டும் பிரித்துக் காட்டாது. ரிக்கைத் திறக்காமல் இதைச் செய்து பாருங்கள்.

கோஆக்ஸின் நடுக்கம்பியையும் பின்னலையும் ரிக் பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். இப்போது டைபோலும் கோஆக்ஸும் சேர்ந்து ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரே ஏரியல். இதற்கு உத்தேசமாக 200 பிகோஃபாரட் இருக்கும். 475க்கு அதோடு சேர்ந்து ஒத்திசைய ஏறக்குறைய 560 மைக்ரோஹென்றி வேண்டும், 518க்கு இன்னும் கொஞ்சம் குறைவு. பழைய பாக்கெட் ரேடியோவின் ஃபெரைட் ராடில் இருக்கும் மீடியம் வேவ் காயில் பலவற்றில் 600 வாக்கில்தான் இருக்கும். சேர்த்த முனையைக் காயிலின் ஒரு நுனியில், மறு நுனியை ரிக் சாக்கெட்டின் நடுப்பின்னில், ரிக் பாடியை எர்த்தில் கொடுங்கள். காயிலில் லிட்ஸ் கம்பிதான் இருக்கும், மயிரிழை மாதிரி பல இழைகள், ஒவ்வொன்றிலும் எனாமல். எல்லா இழையும் ஈயம் பிடித்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காயிலை ராடின் மேல் விரலால் மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரைச்சல் திடீரென்று எழும்பும், ஒரு மில்லிமீட்டர் தாண்டினால் விழுந்துவிடும். அந்த இடத்தில் மெழுகு விட்டு ஒட்டிவிடுங்கள். இதில் இன்னொரு நன்மை, காயில் 882ஐயும் 1053ஐயும் ஓரளவு தடுத்தே அனுப்பும்.

எர்த் ரொம்ப முக்கியம். மண்டபம் மணலைக் கொஞ்சம் தோண்டினாலே ஈரம் வந்துவிடும், அந்த ஈரத்துக்குள் இறங்கும்படி செம்புக் கம்பி அடியுங்கள், ஜிஐ பைப் உப்பில் சீக்கிரம் கரைந்துவிடும். ஏரியல் முனையிலிருந்து எர்த்துக்கு ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர், வாடைக்காற்றுக் காலத்தில் கம்பியில் ஏறும் ஸ்டேட்டிக் வடிய. மைக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், இந்த நிலையில் பிடிடி, அதாவது பேசும் பட்டனை, அமுக்கக் கூடாது. இடி இடித்தால் கோஆக்ஸை வீட்டுக்கு வெளியே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் வீட்டு மெயினை ஆஃப் செய்து பேட்டரியில் கேளுங்கள். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செல் சார்ஜர் எல்லாம் சத்தம் கொட்டுவது இந்த அலைவரிசையில்தான். பக்கத்தில் இறால் பண்ணை மோட்டார் ஓடினால் அதுவும்.

மண்டபம்_மாடி:

அண்ணே, காயில் வேலை செய்கிறது! மெயினை ஆஃப் செய்துவிட்டு நகர்த்தினேன், 518இல் இரைச்சல் நன்றாக எழும்பியது, பகலிலேயே டெலக்ஸ் மாதிரியான அந்தக் குருவிச் சத்தம் வந்தது. எஃப்எல்டிஜி என்ற கணினி மென்பொருளில் நேவ்டெக்ஸ் மோடு, ரிக் யுஎஸ்பி (அப்பர் சைட்பேண்ட்) மோடில், டயல் 517, சத்தத்தின் நடு 1000 ஹெர்ட்ஸ். கடல் எச்சரிக்கை இடையிடையே எழுத்து விட்டு வந்தது, ஆனால் படிக்க முடிகிறது. 137இல் மட்டும் இன்னும் ஒன்றும் இல்லை.

பழைய_வால்வு:

நல்லது தம்பி. அப்படியானால் 518க்காக ரிக்கைத் திறக்க வேண்டியதில்லை. நமக்குத் தோதான நிலையங்கள் பரங்கிப்பேட்டையும் முட்டமும், ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம்தான் கணக்கு, அதனால் ஒரு முழு நாள் ஓடவிட்டு எந்த நேரத்தில் எது சுத்தமாக வருகிறது என்று எழுதி வையுங்கள். சாதாரணமாக 250 முதல் 400 கடல் மைல் வரை எட்டும், உங்களுக்கு இரண்டுமே அதற்குள்.

சால்டர்_கை:

137க்கு அதே ஏரியலில் 6.7 மில்லிஹென்றி வாக்கில் காயில் வேண்டும், அதைச் சுற்றிய பிறகும் டம்மி லோடோடு வித்தியாசம் இல்லையென்றால்தான் கபாசிட்டர் வேலை. அதற்கும் ரிக்கை அறுக்க மனம் வராவிட்டால் வெளியே அலைவரிசையை மேலே தூக்கிக் கொடுக்கும் ஒரு கன்வெர்ட்டர் கட்டலாம்: எஸ்ஏ612 ஐசி, 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், முன்னால் லோ பாஸ் ஃபில்டர். 518 வந்து 10.518இல் கேட்கும், ரிக் தனக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் வேலை செய்யும். ஒரே ஆபத்து, 137 வந்து விழுவது 10.137இல், அது 30 மீட்டர் ஹாம் பேண்டுக்குள். மற்ற இடத்தில் ரிக் தானே ட்ரான்ஸ்மிட்டைத் தடுக்கும், அங்கே தடுக்காது, தவறி பிடிடி பட்டால் 100 வாட்டும் அந்தச் சின்ன ஐசிக்குள் போகும். 4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் 4.137இல் விழும், ஹாம் பேண்டுக்கு வெளியே. நான் அதைத்தான் போடச் சொல்வேன். 73 (ஹாம் வழக்கில் வாழ்த்துகள்).